கருவி வாடகைக்கு எடுப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம்.

ரத்த அழுத்தம், எடை, ஆக்சிஜன் அளவு ஆகியவற்றை வீட்டிலேயே பார்த்து அனுப்பும் கருவிகளை வாடகைக்குத் தருகிறோம். சிறு கிளினிக்குகளுக்கு வீடியோ ஆலோசனை வசதியும் அமைத்துத் தருகிறோம். கொஞ்ச நாளாகவே உங்களில் பலர் இரண்டு கேள்விகள் கேட்டு வருகிறீர்கள். டெலிமெடிசினால், அதாவது தொலைவிலிருந்தே மருத்துவம் பார்ப்பதால், உண்மையிலேயே பலன் உண்டா? கருவி வாடகையைவிடக் கண்காணிப்புக் கட்டணம் ஏன் அதிகம்? இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது என்பதால், சற்று நீளமாகவே எழுதுகிறோம்.

இதயச் செயலிழப்பு (இதயம் ரத்தத்தைப் போதுமான அளவு செலுத்த முடியாத நிலை) நோயாளிகளிடம் நடந்த இரண்டு ஆய்வுகளை எடுத்துக்கொள்வோம். முதலாவது அமெரிக்காவில் 1,653 பேரிடம் நடந்தது. முடிவு 2010-இல் வெளிவந்தது. ஒரு பிரிவினர் தினமும் ஒரு தானியங்கித் தொலைபேசி எண்ணை அழைத்து, மூச்சு எப்படி இருக்கிறது, எடை எவ்வளவு என்ற கேள்விகளுக்குப் பொத்தான் அழுத்திப் பதில் சொல்ல வேண்டும். வார நாட்களில் மருத்துவமனை ஊழியர்கள் அந்தப் பதில்களைப் பார்ப்பார்கள். ஆறு மாதத்துக்குள் இறந்தவர்களும் மறுபடி மருத்துவமனையில் சேர்ந்தவர்களும் இந்தப் பிரிவில் 52.3 சதவீதம், வழக்கமான சிகிச்சை பெற்ற பிரிவில் 51.5. பலன் ஏதும் இல்லை. 14 சதவீதம் பேர் அந்த எண்ணை ஒரு தடவைகூட அழைக்கவில்லை.

இரண்டாவது ஜெர்மனியில், 1,571 பேரிடம் நடந்தது, 2018-இல் வெளிவந்தது. எடை, ரத்த அழுத்தம், ஈசிஜி, ஆக்சிஜன் அளவு எல்லாம் தினமும் பெர்லினில் உள்ள ஒரு மையத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே இருபத்துநான்கு மணி நேரமும் மருத்துவரும் செவிலியரும் இருந்தார்கள். இப்படிக் கண்காணித்த பிரிவில் நூறு பேருக்கு ஆண்டுக்கு 7.86 மரணம்; வழக்கமான சிகிச்சை பெற்ற பிரிவில் 11.34. ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: கடும் மனச்சோர்வு உள்ளவர்களை இந்த ஆய்வில் சேர்க்கவில்லை. ஆகவே எல்லாருக்கும் இதே பலன் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இரண்டு ஆய்வுகளுக்கும் பல வேறுபாடுகள் உண்டு. எங்கள் கணிப்பில் முக்கியமானது, மறுமுனையில் யார் இருந்தார்கள், எவ்வளவு விரைவாகச் செயல்பட்டார்கள் என்பதுதான். இரண்டு மூன்று நாளில் எடை இரண்டு கிலோ ஏறினால் அது பெரும்பாலும் சதையல்ல, உடலில் தேங்கிய நீர். எடை மெஷினுக்கு இது தெரியாது. அதைப் பார்க்கும் செவிலியர் உடனே போன் செய்து, "ராத்திரி எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்? கால் வீங்கியிருக்கிறதா?" என்று கேட்பார். நேற்று ஒரு தலையணை, இன்று மூன்று என்றால், அதாவது படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றால், நீர் இறங்கும் மாத்திரையின் அளவை அன்றைக்கே மாற்றலாமா என்று மருத்துவரிடம் பேசுவார். நீங்கள் கட்டும் கண்காணிப்புக் கட்டணம் இந்த போன் அழைப்புக்குத்தான். கருவி அதில் மலிவான பங்கு.

செலவைப் பொறுத்தவரை, "டெலிமெடிசின் பணத்தை மிச்சப்படுத்தும்" என்று விளம்பரம் செய்ய எங்களுக்குக் கை வரவில்லை. இங்கிலாந்தில் 3,230 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில் மரணம் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களிடம் 8.3 சதவீதம், வீட்டிலிருந்தே கண்காணிக்கப்பட்டவர்களிடம் 4.6. ஆனால் அதே திட்டத்தின் செலவுக் கணக்கு 2013-இல் வந்தபோது, நல்ல உடல்நலத்தோடு கூடுதலாகக் கிடைக்கும் ஓர் ஆண்டுக்கு 92,000 பவுண்டு ஆகும் என்று தெரிந்தது. அந்த நாட்டில் அப்போது வழக்கமாக ஏற்ற வரம்பு 20,000 முதல் 30,000 பவுண்டு வரைதான். வீடியோ ஆலோசனையிலும் இதே சிக்கல் உண்டு. கலிபோர்னியாவில் சளி, இருமல் போன்றவற்றுக்கான ஆன்லைன் ஆலோசனைகளை 2017-இல் அலசியபோது, 12 சதவீதம் மட்டுமே நேரில் போவதற்கு மாற்றாக இருந்தன. மீதி 88 சதவீதம் புதிய ஆலோசனைகள். இந்த வசதி இல்லாவிட்டால் அவர்கள் மருத்துவரைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். பயணமும் விடுப்பும் மிச்சமாவது நோயாளிக்கு. கூடுதல் செலவு காப்பீட்டுக்கு. யாருடைய பாக்கெட்டிலிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும்.

எங்களுக்கு மிகவும் பிடித்த ஆய்வில் நோயாளி திரைக்கு முன் உட்காரவே இல்லை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் கிராமப்புற மருத்துவர்களும் செவிலியர்களும் வாராவாரம் வீடியோவில் பல்கலைக்கழக நிபுணர்களோடு ஹெபடைடிஸ் சி (வைரஸால் வரும் கல்லீரல் நோய்) நோயாளிகளைப் பற்றிக் கலந்து பேசினார்கள். 2011-இல் வந்த முடிவின்படி, உள்ளூரில் சிகிச்சை பெற்றவர்களில் 58.2 சதவீதத்தினரிடம் வைரஸ் ஒழிந்தது. பல்கலைக்கழக மருத்துவமனையில் 57.5. கிளினிக் நடத்தும் வாடிக்கையாளர்கள் இதைக் கவனியுங்கள்.

எதிர்காலம் பற்றிப் பேசினால் எல்லாரும் ரோபோவுக்குப் போய்விடுகிறார்கள். 2001 செப்டம்பரில் மருத்துவர்கள் நியூயார்க்கில் உட்கார்ந்தபடி, பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் இருந்த நோயாளியின் பித்தப்பையை ரோபோ மூலம் அகற்றிவிட்டார்கள். அது இன்னும் அன்றாட வழக்கமாகவில்லை. விழித்திரைப் படத்தைப் பார்த்துச் சர்க்கரை நோய்ப் பாதிப்பைச் சொல்லும் மென்பொருளுக்கு அமெரிக்காவில் 2018-இலேயே அனுமதி கிடைத்தது. வளர்ச்சி இந்த மாதிரி அடக்கமான வேலைகளில்தான் வரும் என்று நினைக்கிறோம்.

விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் ஆக்சிமீட்டரை முழுதாக நம்பிவிடாதீர்கள். அமெரிக்க மருத்துவமனைகளில் நடந்த ஆய்வொன்று 2020-இல் வெளிவந்தது. கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது ரத்தத்தில் உண்மையில் 88-க்குக் கீழே இருந்த நிலை, கறுப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீதமும் வெள்ளையர்களிடம் 3.6 சதவீதமும் இருந்தது. தோல் நிறம் அடர்த்தியாக இருந்தால், எண் சரியாகத் தெரிந்தாலும் மூச்சுத் திணறலைப் பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள். நகப்பூச்சையும் அழித்துவிடுங்கள்.

இனி புதிதாகக் கருவி கேட்பவர்களிடம் மூன்று விவரம் எழுதி வாங்குவோம்: எண்களைப் பார்க்கப்போவது யார், எத்தனை மணி நேரத்துக்குள், விடுமுறை நாளில் யார். இதற்குப் பதில் இல்லையென்றால் வாடகைக்குத் தரமாட்டோம். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், கண்காணிப்பு வேண்டாமென்றால் கருவியையும் திருப்பித் தந்துவிடலாம். பிடித்தம் எதுவும் கிடையாது. நெஞ்சுவலி, முகம் கோணுதல், பேச்சுக் குழறல் என்றால் கருவியையோ வீடியோவையோ தேடாமல் நேரே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

இப்படிக்கு,
நிர்வாகத்தினர்