பிள்ளையோடு வரும் தாயிடமும் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சிவதாபுரத்தில் வீட்டிலிருந்தே கொலுசுக்குச் சலங்கை பற்றவைக்கும் வேலை செய்கிறேன். மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கு ஏடிஎச்டி எனும் கவனக்குறைபாடு இருப்பதாகப் போன வருடம் சொன்னார்கள். ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார்கள். தினமும் ஒரே நேரத்தில் எழுப்புங்கள், வேலையைப் பிரித்துப் பிரித்துச் சொல்லுங்கள், அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டுங்கள், கத்தாதீர்கள். எல்லாம் நல்ல யோசனைதான். செய்ய வேண்டிய ஆள் அம்மா. அந்த அம்மாவுக்கும் அதே குறைபாடு இருக்கலாமே என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

எனக்கும் இருக்கிறது என்பது பிறகு வேறொரு மனநல மருத்துவரிடம் போனபோதுதான் தெரிந்தது. இதில் அதிசயம் ஒன்றுமில்லை. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள், இது வருவதில் பரம்பரையின் பங்கு 70 முதல் 80 சதவீதம் என்கின்றன. ஓடியாடும் பையன் கண்ணில் பட்டுவிடுகிறான். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளையை யார் டாக்டரிடம் கூட்டிப்போகிறார்கள்?

சலங்கை வேலைக்கு உட்கார்ந்தால் சாப்பாட்டையும் மறந்து மணிக்கணக்கில் செய்வேன். "அதுல மட்டும் எப்படிக் கவனம் வருது?" என்பார் வீட்டுக்காரர். பிடித்ததில் மூழ்கிப்போவதும், மற்றதைத் தொடங்கவே முடியாமல் நிற்பதும் இந்தக் குறைபாட்டில் சேர்ந்தே வரும் என்று மருத்துவர் விளக்கிய பிறகுதான் சமாதானமானார். பள்ளியின் வாட்ஸ்அப் குரூப் இப்போது அவர் போனில். நாளைக்குப் பச்சைச் சட்டை, சார்ட் பேப்பர் என்று ராத்திரி வரும் செய்திகளெல்லாம் அவர் பாடு. எனக்கு இதுவே பாதி வைத்தியம். இந்தக் குறைபாட்டுக்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட் மாத்திரையோ போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் வருவதால் எல்லா மெடிக்கலிலும் கிடைப்பதில்லை. மருந்துச் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்து, நாள் தவறாமல் போய், இருக்கிற கடையைத் தேட வேண்டும். மறதிக்காரிக்கு நல்ல பரீட்சை!

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஏடிஎச்டி இல்லை. சரி, அதில் சலுகை கிடைக்காதது இருக்கட்டும். நம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை தொடங்கி ஏற்காட்டு மலைக்கிராம சுகாதார நிலையம்வரை, பிள்ளையைப் பார்க்கும்போதே "சின்ன வயசுல நீங்க எப்படிம்மா?" என்று பெற்றோரிடமும் கேட்கும் வழக்கம் வர வேண்டும். பெரியவர்களுக்கு இதை உறுதி செய்ய 12 வயதுக்கு முன்பே அறிகுறி இருந்ததா என்று எப்படியும் பார்க்கத்தான் போகிறார்கள். உங்கள் மகளிர் பக்கத்திலும் சமையலறைக் குறிப்புகளுக்குக் கீழே டெலி மானஸ் எண் 14416-ஐப் போடலாம். மனநல ஆலோசனை அதில் தமிழிலேயே கிடைக்கும், கட்டணம் இல்லை.

என் பெயர் வேண்டாம். மாமியாரும் உங்கள் பேப்பர்தான் படிக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சிவதாபுரம், சேலம்.