212ஆம் பக்கம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் நாவல் என் கைக்கு வந்து ஏழு வாரம் ஆகிறது. படித்து முடித்து ஐந்து வாரம் ஆகிறது. ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று நீ கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. தம்பியிடம் மட்டும் "அம்மா படித்தாளா?" என்று விசாரித்தாயாம். படித்தேன், 431 பக்கமும் படித்தேன். முப்பது வருடம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவளுக்குப் பென்சில் இல்லாமல் படிக்க வராது. அதனால்தான் இத்தனை நாள் ஆயிற்று என்று வைத்துக்கொள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். கடைசித் திருத்தம் முடியும்வரை அந்தக் காட்டு விடுதியிலேயே இருக்கப்போகிறாய் என்று தம்பி சொன்னான். இருந்துகொள். ஆனால் நடக்கப் போகும்போது எந்தப் பக்கம் போகிறாய், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று ஒரு தாளில் எழுதி மேசைமேல் வைத்துவிட்டுப் போ. அங்கே யாரும் இல்லையே, யார் படிப்பார்கள் என்று கேட்காதே. எழுதி வை.

இனி நாவலுக்கு வருகிறேன். ஒற்றுப்பிழை 64 இடத்தில் இருக்கிறது. என் மகள் 'படித்து பார்த்தான்' என்று எழுதலாமா? சரி, அதை விடு. தீப்பெட்டி விஷயம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மரங்களைக் கணக்கெடுக்கப் போன ஐந்து பேர், பெரியவர் ஒருவர் தினமும் இரவில் எண்ணி வைக்கும் தீக்குச்சிகள், யாரும் உரசாமலே காலையில் ஒன்று குறைவது. 40, 39, 38. நூறு பக்கம் ஆகியும் ஒன்றும் நடக்கவில்லை என்கிறான் உன் தம்பி. குச்சி குறைவது அவன் கணக்கில் சேராது போலும்! அந்த நூறு பக்கத்தில் ஒரு வரிகூட எடுக்காதே, பதிப்பாளர் கேட்டாலும் எடுக்காதே. கொக்கியில் போட்டு வைத்த கதவுக் கொண்டி காலையில் கொக்கிக்குப் பக்கத்தில் தொங்குவதைப் படித்த இரவு, நான் எழுந்துபோய் நம் வீட்டுக் கதவைப் பார்த்துவிட்டு வந்தேன்.

88ஆம் பக்கத்தில் 33 குச்சி. 96ஆம் பக்கத்தில் 34. கைப்பிழை என்று நினைத்து 32 என்று திருத்தப் போனேன். பென்சில் தாளைத் தொட்டபிறகு சந்தேகம் வந்துவிட்டது. வேண்டுமென்றே செய்தாயா? வேண்டுமென்று செய்திருந்தால் நீ என்னைவிடப் பெரிய ஆள். தெரியாமல் வந்திருந்தால் யாரிடமும் சொல்லாதே, அப்படியே இருக்கட்டும்.

ஏழாம் அத்தியாயம் மட்டும் வேறு யாரோ எழுதியது மாதிரி இருக்கிறது. 'உறைந்துபோனாள்', 'இனம்புரியாத திகில்' என்று பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். 402ஆம் பக்கத்தில் அந்த உருவத்துக்குக் கண்ணும் பல்லும் வைத்துக் காட்டியிருக்கிறாய். நானூறு பக்கம் பொத்தி வைத்ததை இப்படியா அவிழ்த்துப் போடுவாய்? எடுத்துவிடு.

ஐந்தாம் அத்தியாயத்தில் ஒருவன் நேராக நடப்பதாக நினைத்துக்கொண்டு வட்டம் போடுகிறான். நல்ல இடம். ஆனால் நீ அங்கே வெயில் அடிக்கவிட்டிருக்கிறாய். இதை அறிவியலாளர்கள் சோதித்தே பார்த்திருக்கிறார்கள், 2009இல் கட்டுரை வந்தது. ஜெர்மனியில் ஒரு பெரிய சமவெளிக் காட்டில் ஆறு பேரை நேராக நடக்கச் சொல்லி, ஜிபிஎஸ் கருவியில் தடம் பார்த்தார்கள். மேகம் மூடிய நாளில் நடந்த நான்கு பேரும் வட்டமடித்தார்கள். அதில் மூன்று பேர் தாங்கள் நடந்த தடத்தையே திரும்பத் திரும்பக் குறுக்கே கடந்தும் அதை உணரவில்லை. சூரியன் தெரிந்த நாளில் நடந்த இரண்டு பேர் ஏறக்குறைய நேராகவே போனார்கள். ஆகவே அந்த அத்தியாயத்தில் வெயிலை எடுத்துவிட்டு மேகத்தைப் போடு. நீயும் மேகம் மூடிய நாளில் வெகுதூரம் போகாதே. தாளில் எழுதி வை.

இதையெல்லாம் நான் ஏன் தேடிப் படித்தேன் என்று உனக்குத் தோன்றும். சொல்கிறேன்.

பதினான்காம் அத்தியாயத்தில் உள்ளேயிருந்து கிழிக்கப்பட்ட கூடாரத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. பள்ளியில் படிக்கும்போது நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் எழுதி வைத்திருந்தாயே, 1959 பிப்ரவரி, ரஷ்யாவின் உரால் மலை, பனியில் மலைப் பயணம் போய் இறந்துபோன தியாத்லோவ் குழு. கத்தியால் கூடாரத்தை உள்பக்கமிருந்து கிழித்துக்கொண்டு, காலில் சரியான பூட்ஸ்கூட இல்லாமல், அந்தக் குளிரில் ஒன்பது பேர் ஏன் வெளியே ஓடினார்கள் என்று இரவெல்லாம் அப்பாவைக் கேட்டுக்கொண்டிருந்தாய். பனிப்பாளம் சரிந்து கூடாரத்தின்மேல் விழுந்திருக்கலாம் என்று 2021இல் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அப்பா இருந்திருந்தால் அன்றைக்கே உனக்குப் போன் செய்திருப்பார். எனக்கு அந்த ஒன்பது பேரைவிடப் பத்தாவது ஆள்தான் மனதில் நிற்கிறார். அவரும் கூடப் புறப்பட்டவர். உடம்புக்கு முடியாமல் பாதி வழியில் திரும்பிவிட்டார். 2013வரை உயிரோடு இருந்தார். ஐம்பத்து நான்கு வருடம். என்ன நடந்தது என்று தெரியாமலே அவர் அத்தனை வருடம் இருந்தார். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இருப்பவர்களும் உண்டு, பாப்பா.

212ஆம் பக்கத்தில் என் பென்சில் நின்றுவிட்டது. அங்கிருந்து 240வரை ஒரு குறிகூடப் போடவில்லை. பிழையே இல்லை என்று நினைத்துவிடாதே. பிழையைப் பார்க்கிற நிலையில் நான் இல்லை.

அந்த ஆறு வயதுக் குழந்தை மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறது. நகரக் கூடாது என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், நகராமல் இருக்கிறது. காட்டுக்குள்ளிருந்து அம்மாவின் குரலைப் போல ஒரு குரல் கூப்பிடுகிறது. குழந்தை எழுந்து போகிறது. அந்த அம்மாவோ குடிலுக்குள் தூங்கிக்கொண்டிருக்கிறாள். பிறகு எல்லோரும் அந்தக் குழந்தையிடம் சொல்கிறார்கள்: யாரும் கூப்பிடவில்லை.

நீ எழுதியதில் அந்த அம்மா தூங்குவது ஒன்றுதான் தவறு.

அன்று காலையில் அப்பாவுக்கும் எனக்கும் சண்டை. எதற்கென்று இப்போது எனக்கே நினைவில்லை. அப்பாவும் பெரியப்பாவும் முன்னால் போய்விட்டார்கள். நீ பாதையோரம் குந்தி உட்கார்ந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தாய். நான்கு முறை கூப்பிட்டும் வரவில்லை. ஒரு நிமிடம் பயந்தால் அடுத்த முறை உடனே வருவாள் என்று நினைத்துப் பாதையைவிட்டு இறங்கி ஒரு பெரிய மரத்துக்குப் பின்னால் போய் நின்றேன். நீ நிமிர்ந்து பார்த்தாய். யாரும் இல்லை. உன் இரண்டு கையிலும் கல் இருந்தது. அதைக் கீழே போடாமல், அப்பா சொல்லிக்கொடுத்தபடியே பக்கத்து மரத்தடிக்குப் போய் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாய். அழவில்லை.

நீ அழாதது எனக்கு எரிச்சலாக இருந்தது. இதை எப்படி எழுதினாலும் இப்படித்தான் வருகிறது. நீ அழுதிருந்தால் ஓடி வந்து தூக்கியிருப்பேன். நீ சமர்த்தாக உட்கார்ந்திருந்தாய். அதனால் கூப்பிட்டேன். என் வழக்கமான குரலில் இல்லை. மெதுவாக, இழுத்து, உன் பெயரை இரண்டு முறை கூப்பிட்டேன்.

நீ எழுந்தாய். என் பக்கம் வருவாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீ எதிர்ப்பக்கம் ஓடினாய்.

முன்னாலிருந்து வரும் ஒலி எது, பின்னாலிருந்து வரும் ஒலி எது என்பதில் காது எளிதில் ஏமாந்துவிடுமாம். இடம், வலம் தெரிவதுபோல முன், பின் தெளிவாகத் தெரியாதாம். அடர்ந்த காட்டில் மரத்தில் பட்டுப் பட்டு ஒலி சிதறும் என்றும் படித்தேன். அன்று எனக்கு இது ஒன்றும் தெரியாது. விளையாட்டு முடிந்தது என்று சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன். புதருக்கு நடுவில் உன் சிவப்புச் சட்டை ஒரு முறை தெரிந்தது. அதன்பிறகு தெரியவில்லை. அதன்பிறகு நான் தொண்டை கிழியக் கூப்பிட்டதுதான் எல்லோருக்கும் கேட்டது. நான்கு மணி நேரம். ஒற்றைச் செருப்பு. மீதிக் கதைதான் வீட்டில் நூறு முறை சொல்லியாயிற்றே.

அந்தக் கதையில் நீ எப்போதும் 'பேச்சைக் கேட்காமல் எழுந்து போன பிள்ளை'. வழி தவறினால் ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு அங்கேயே இரு என்று மற்ற நாடுகளில் குழந்தைகளுக்குப் பாடமாகவே சொல்லித்தருகிறார்கள். அமெரிக்காவில் சான் டியேகோ பக்கம் 1981இல் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் காணாமல் போய் இறந்தபிறகு, தேடப் போனவர்களே தொடங்கியது அது. சில வருடங்களுக்கு முன்னால் அதைப் படித்தபோது அன்று முழுவதும் நான் யாரோடும் பேசவில்லை. நீ அதைத்தான் செய்தாய். ஆறு வயதில் சரியாகச் செய்தாய். உன்னை அந்த மரத்தடியிலிருந்து எழுப்பியது நான்.

"அம்மா கூப்பிட்டாள், அதனால்தான் போனேன்" என்று அன்று இரவே நீ சொன்னாய். பிரமை என்று பெரியப்பா சொன்னார். ஆமாம் என்றேன். அப்பா ஒரே ஒரு முறை, விளக்கை அணைத்தபிறகு, "நீ கூப்பிட்டாயா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அதன்பிறகு நீ எந்த அறையில் இருந்தாலும் ஓடி வந்து "இப்போது கூப்பிட்டாயா அம்மா?" என்று கேட்கத் தொடங்கினாய். காது பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். காதில் ஒரு குறையும் இல்லை என்றார் மருத்துவர். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன். காது நன்றாக இருக்கிறது என்று எனக்கு முன்பே தெரியும்.

28 வருடம். அப்பா போனபிறகாவது சொல்லியிருக்கலாம். தம்பி திருமணத்தின்போது நாம் இரண்டு பேரும் மாடியில் தனியாக உட்கார்ந்திருந்தோமே, அப்போது வாய்வரை வந்தது. நீ உன் வேலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாய், விட்டுவிட்டேன். இவ்வளவு நாள் கழித்துச் சொல்லி என்ன என்று ஒவ்வொரு வருடமும் நினைத்தேன். நீ அதற்குள் 431 பக்கம் எழுதிவிட்டாய்.

நாவலை மாற்று என்று சொல்லவில்லை. கூப்பிட்டது காடுதான் என்று முடிப்பது நாவலுக்கு நன்றாகவே இருக்கிறது. புரூஃப் பார்த்தவளாகச் சொல்கிறேன், அதைத் தொடாதே. 'அம்மாவின் குரலைப் போல' என்று மொத்தம் 19 இடத்தில் எழுதியிருக்கிறாய். 18 இடத்தை அப்படியே விட்டுவிட்டேன். நேற்று இரவு பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்து, 212ஆம் பக்கத்தில் வரும் முதல் 'போல'வை மட்டும் அடித்திருக்கிறேன். வேண்டுமானால் வைத்துக்கொள், வேண்டாமென்றால் அழித்துவிடு. பென்சில்தான்.

பிரதியைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். அந்தப் பக்கம் மட்டும் கட்டிலிருந்து தனியாக எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருக்கிறேன். எங்கே போனாலும் தாளில் எழுதி வை.

அம்மா

பி.கு. 96ஆம் பக்கத்துக் குச்சி 34 பற்றிக் கட்டாயம் பதில் எழுது. மற்றதற்கு உடனே எழுத வேண்டாம்.