முருகேசனின் இரவு மாத்திரை

அன்புள்ள சேகர்,

இங்கு அனைவரும் நலம். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். பொங்கலுக்கு எழுதிய கடிதத்துக்கே பதில் போடாதவன் நீ. இதையாவது உடனே படி. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவு இரத்தத்தில் சரியாகிவிட்டதால் இனி மருந்து எதற்கு என்று முருகேசன் மாற்றிவைத்த சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமல் காக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையை இரவு வேளையில் நிறுத்திவிட்டானாம். பத்மா அக்கா தொலைபேசியில் அழுதுவிட்டார். அவர் கொடுத்த சிறுநீரகம் அல்லவா!

கூடப் பிறந்தவளின் உறுப்பை என் உடம்பு ஏன் வெறுக்கப்போகிறது என்பது அவன் வாதம். தன்னுடையது எது, அயலாருடையது எது என்று உடம்புக்கு அடையாளம் காட்ட நம் செல்களின் மேற்பரப்பில் இருக்கும் எச்.எல்.ஏ. புரதங்களுக்கான மரபணுக்கள் தாயிடமிருந்து ஒரு தொகுதியும் தந்தையிடமிருந்து ஒரு தொகுதியுமாக வருவதால், உடன்பிறந்த இருவருக்கு அவை முழுவதும் ஒத்துப்போக நான்கில் ஒரு வாய்ப்பே உண்டு. இவர்களுக்குப் பாதிதான் பொருந்தியது. அயலானவற்றைத் தாக்கும் வெள்ளணுக்களான டி செல்கள், நெஞ்சிலுள்ள தைமஸ் என்ற சுரப்பியில் முதிரும்போது, சொந்தப் புரதங்களை வலுவாகப் பற்றிக்கொள்பவை அங்கேயே அழிக்கப்படுகின்றன. ஆனால் அக்காவின் புரதங்களை அவனுடைய தைமஸ் ஒருநாளும் கண்டதில்லை. புதிய கிருமி ஒன்றின் துணுக்கை இனங்காணும் டி செல்கள் லட்சத்தில் ஒன்று இருந்தாலே அதிகம், அயலாரின் எச்.எல்.ஏ.வைக் கண்டு கிளர்ந்தெழுபவையோ நூற்றுக்குச் சில. 1954இல் பாஸ்டனில் ஜோசப் முர்ரே மாற்றிவைத்த சிறுநீரகம் இந்த மருந்துகள் இல்லாமலே நிலைத்ததென்றால், கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர் என்பதே காரணம்.

டாக்ரோலிமஸ் அந்த டி செல்களைக் கொல்வதில்லை. உள்ளே கால்சினியூரின் என்ற நொதியைத் தடுத்து, அவை பெருகத் தேவையான இன்டர்லூகின்-2 என்ற சமிக்ஞைப் புரதம் சுரக்காமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவே. இரத்தத்தில் மருந்தின் அளவு குறைந்தால் அவை மீண்டும் விழித்துக்கொள்ளும். பி செல்கள் என்ற வேறு வகை வெள்ளணுக்கள் அந்தச் சிறுநீரகத்தைத் தாக்கும் எதிர்ப்பொருள்களை உண்டாக்கத் தொடங்கிவிட்டால் அவற்றை அகற்றுவது பெரும்பாடு. இத்தனையும் வலியின்றி, காய்ச்சலின்றி நடக்கலாம். கிரியேட்டினின் ஏறும்போது சிறுநீரகம் ஏற்கெனவே சேதப்பட்டிருக்கும். மருந்தால் சரியாக இருக்கும் எண்ணைக் காட்டி மருந்தையே நிறுத்துகிறானே, எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

நான் சொன்னால் கேட்கமாட்டான். சைக்கிள் விவகாரத்திலேயே பார்த்தோமே, அவன் கட்டுப்படுவது உனக்கு மட்டும்தான். ஞாயிறு வரை காத்திராமல் நாளையே போய், அவனை அவனுடைய மருத்துவரிடம் அழைத்துச் செல். மருந்தின் அளவை இரத்தத்தில் பார்க்கச் சொல். விட்ட மாத்திரைகளுக்கு ஈடாக அவனாகவே இரட்டிப்பாக விழுங்கவும் விடாதே. முடிந்ததும் எனக்குத் தொலைபேசியில் சொல்.

அன்புடன்,
ரகு