மிச்சமாவது இரண்டாவது வெட்டு

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் 'எலும்புச் சீழுக்கு இனிக் கத்தி வேண்டாம்' என்ற தலைப்பில் வந்த கட்டுரையை எங்கள் ஒழுங்கையில் முதலில் வாசித்தவர் பக்கத்து வீட்டு மாமி. அன்று பின்னேரமே பத்திரிகையை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அவருடைய மகனுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பில் சீழ் பிடித்திருக்கிறது. வருகிற திங்கட்கிழமை சத்திரசிகிச்சை. அதைத் தள்ளிப்போட்டுவிட்டு, கட்டுரையில் வந்த நுண்கோளம், அதாவது எலும்புக்குள் வைத்தால் மருந்தை மெல்ல மெல்ல விட்டுத் தானாகக் கரையும் மிகச் சிறிய மருந்து உருண்டை, வரும்வரை காத்திருக்கலாமா என்று கேட்டார். என் தம்பி மோட்டார் சைக்கிள் விபத்துக்குப் பிறகு இதே நோயோடு ஒன்றரை வருடம் அல்லாடியவன் என்பதால்தான் என்னிடம் வந்தார்.

எலும்பில் கிருமி குடியேறினால் அந்த இடத்துக்கு இரத்தம் போவது தடைப்பட்டு எலும்பு செத்துப்போகிறது. இரத்தமே போகாத இடத்துக்கு, இரத்தத்தில் ஏற்றும் மருந்து எப்படிப் போய்ச் சேரும்? தம்பிக்கு ஆறு வாரம் ஊசி மருந்து ஏற்றினார்கள். நரம்பு அகப்படாமல் தாதியர் அவன் புறங்கையைத் தட்டித் தட்டித் தேடியது இன்னும் கண்ணில் நிற்கிறது. கடைசியில் செத்த எலும்பைச் சுரண்டி எடுத்து, அந்தக் குழியில் ஜென்ரமைசின் என்ற கிருமிகொல்லி மருந்து கலந்த எலும்புச் சீமெந்து மணிகளைக் கம்பியில் கோத்து வைத்தார்கள். எக்ஸ்ரேயில் பார்த்தபோது, யாரோ காலுக்குள் உருத்திராக்க மாலையை மறந்து வைத்துவிட்டது போலிருந்தது. அந்தச் சீமெந்து கரையாது. மருந்து வடிந்ததும் மணிகளை எடுக்க மறுபடியும் மயக்க மருந்து, மறுபடியும் வெட்டு.

நீங்கள் எழுதிய நுண்கோளங்கள் மிச்சப்படுத்துவது இந்த இரண்டாவது வெட்டைத்தான். செத்த எலும்பை எடுக்கும் முதலாவது வெட்டு அப்படியேதான் இருக்கும். தலைப்புப் போட்டவர் கட்டுரையை முழுதாக வாசிக்கவில்லை போலும்.

இன்னொன்று. 'பிளாஸ்டிக் உருண்டை' என்று எழுதியிருந்தீர்கள். பொலித்தீன் பை மக்கவே மக்காது என்கிறார்களே, அதைக் காலுக்குள் வைப்பதா என்று மாமா கேட்கிறார். இது அந்த வகையே அல்ல. லாக்டிக் அமிலமும் கிளைக்கோலிக் அமிலமும் சங்கிலியாகக் கோத்த பொருள். உடம்பிலுள்ள நீர் பட்டுப் பட்டு அந்தச் சங்கிலி அறுந்து பழையபடி அமிலங்களாகிவிடும். லாக்டிக் அமிலம் தயிரில் இருப்பது, ஓடினால் நம் தசையிலும் ஊறுவது. தானாகக் கரையும் தையல் நூல்களை 1970களிலிருந்து இந்த வகைப் பொருளில்தான் செய்கிறார்கள். புரொஸ்டேட் புற்றுநோய்க்கான ஹோர்மோன் ஊசி ஒன்று இதே நுண்கோள வடிவில் 1989இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த கிறீன் வைத்தியர் மருத்துவ நூல்களையே தமிழில் தந்த மானிப்பாயிலிருந்து எழுதுகிறேன். 'நுண்கோளம்' என்று எழுதினால் இங்கே யாரும் மிரளமாட்டார்கள்.

எலும்புச் சீழுக்கான நுண்கோளங்கள் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்திலும் விலங்குச் சோதனையிலுமே நிற்கின்றன. அவற்றில் பெரிய தலையிடி, முதல் நாளிலேயே மருந்தில் பெரும் பங்கு கொட்டிவிடுவது. பிறகு வாரக்கணக்கில் சொட்ட வேண்டியது போதாமல் போனால், தப்பிய கிருமி மருந்துக்குப் பழகிவிடும். ஆனால் புண்ணிலேயே மருந்து நிற்பதால் சிறுநீரகத்துக்கும் காதுக்கும் ஜென்ரமைசின் செய்யும் கெடுதி குறையும் என்று நீங்கள் எழுதியது நியாயமானது.

கரையும் மருந்து மணி இன்றே வேண்டுமென்றால் கல்சியம் சல்பேற்று இருக்கிறது. முறிந்த கைக்குக் கட்டுப்போடும் அதே பாரிஸ் சாந்துதான். எலும்புக் குழியை அதனால் நிரப்பியதை ஜெர்மனியில் 1892இலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். மருந்து கலந்த அதன் மணிகளை இன்றும் பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

மாமி திகதியை மாற்றவில்லை. ஞாயிறு பின்னேரம் மகனை வாட்டில் சேர்க்கிறார். அதே ஞாயிறு இதழில் ஒரு திருத்தம் போட்டால், வேறு ஒழுங்கைகளில் பத்திரிகையை மடித்து வைத்துக்கொண்டு யோசிப்பவர்களுக்கும் உதவும்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
மானிப்பாய்.