கையை இறக்காமல் நின்ற அக்காவுக்கும், உங்கள் அனைவருக்கும்

அன்புள்ள அனைவருக்கும்,

பையன் வீட்டுக்கு வந்துவிட்டான். இருமல் நின்றுவிட்டது. நேற்றிரவு ஒரு தடவைகூட விழிக்காமல் தூங்கினான். காலையில் எழுந்ததும் எழாததுமாகத் தம்பியோடு சண்டை போட ஆரம்பித்தான். அந்தச் சத்தத்தைக் கேட்டு அண்ணி நின்ற இடத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

அன்று கடற்கரையில் எங்கள் பையனைக் கடல் இழுத்துக்கொண்டு போனது உங்களுக்குத் தெரியும். உங்களில் பலர் அங்கேயே நின்றீர்கள். மற்றவர்கள் அன்றிரவு முழுக்கத் தொலைபேசியில் எங்களோடு விழித்திருந்தீர்கள். அதை மறுபடியும் சொல்லும் தெம்பு எனக்கு இன்னும் வரவில்லை, அதனால் விட்டுவிடுகிறேன். "நன்றியை மட்டும் ஆறப்போடாதே, இன்றைக்கே எழுது" என்றார் பாட்டி. எழுதுகிறேன்.

கடலுக்குள் பாய்ந்த உயிர்காப்பாளர்கள் இருவருக்கும் என்ன சொன்னாலும் போதாது. உங்கள் பெயர்கள் இப்போது எங்கள் வீட்டுச் சின்னஞ்சிறுசுகளுக்குக்கூட மனப்பாடம். என் அண்ணனை இடுப்போடு கட்டிப்பிடித்துத் தண்ணீரில் இறங்கவிடாமல் நிறுத்திய இளைஞர்களே, அந்த நேரத்தில் அவர் வாயிலிருந்து வந்த சொற்களை மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். காப்பாற்றப் பாய்கிறவரே அடுத்து மூழ்கிப்போவது எத்தனையோ கடற்கரைகளில் நடக்கிறது என்று பிறகு கேள்விப்பட்டோம். பையனோடு சேர்த்து அவனுடைய அப்பாவையும் எங்களுக்கு மிச்சம் வைத்தவர்கள் நீங்கள். கைக்குழந்தையை வாங்கி வைத்துக்கொண்ட பெண்மணி, பாட்டிக்குக் குடை பிடித்தவர், மற்றப் பிள்ளைகளைக் கடலுக்கு முதுகு காட்டி ஒரே விரிப்பில் உட்காரவைத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்த கல்லூரிப் பெண்கள், ஆம்புலன்ஸ் வருவதற்காகத் தங்கள் வண்டிகளை மணலுக்குள் இறக்கி வழிவிட்டவர்கள், எல்லாருக்கும் எங்கள் நன்றி. மூச்சு சீரானதுமே வீட்டுக்குக் கிளம்பத் துடித்த எங்களை உட்காரவைத்து, நுரையீரலுக்குள் தண்ணீர் போயிருந்தால் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத்திணறல் வரலாம் என்று பொறுமையாக விளக்கிய டாக்டருக்கும், இரவெல்லாம் அவன் விரல் நுனியில் மாட்டிய கருவியைப் பார்த்துப் பார்த்துப் போன செவிலியருக்கும் நன்றி. எங்களில் யாருக்கும் வண்டி ஓட்டும் நிலை இல்லாதபோது, எங்கள் வேனை வீடு வரை ஓட்டிவந்து சாவியைக் கையில் கொடுத்துவிட்டு பஸ் பிடித்துத் திரும்பிப்போன நண்பரை என்றும் மறக்கமாட்டோம்.

இனி அந்த அக்காவுக்கு.

அக்கா, உங்கள் பெயர் எங்களுக்குத் தெரியாது. இந்த மடல் எப்படியாவது உங்கள் கண்ணில் பட வேண்டும். நான் பையனின் அத்தை. உங்களுக்கு இடப்பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில் நின்றவள்.

முதலில் குரல் கொடுத்தது நீங்கள்தான். எங்கள் பையன் கத்தவில்லை, கையை ஆட்டவில்லை. மூழ்குகிறவர்களால் பெரும்பாலும் அது முடியாது என்பதை உயிர்காப்பாளர்களில் ஒருவர் மறுநாள் எங்களுக்கு விளக்கினார். வாய் தண்ணீருக்கு மேலே வருவதும் உள்ளே போவதுமாக இருக்கும்போது மூச்சை இழுக்கவே நேரம் போதாது. கூப்பிடக் காற்று எங்கே மிஞ்சும்? கைகள் தாமாகவே இருபுறமும் விரிந்து தண்ணீரைக் கீழே அழுத்தும், மேலே தூக்கி அசைக்க வராது. கரையிலிருந்து பார்த்தால் பிள்ளை தண்ணீரில் நின்று விளையாடுவது போலவே இருக்கும். அத்தனை பேர் நடுவே அது விளையாட்டு இல்லை என்று நீங்கள் கண்டுகொண்டீர்கள். எப்படிக் கண்டுகொண்டீர்கள் என்று உங்களிடம் கேட்க வேண்டும் என்று எங்கள் எல்லாருக்கும் ஆசை.

குரல் கொடுத்த கையோடு வலது கையை நீட்டினீர்கள். தோள் உயரத்தில், ஆள்காட்டி விரல் நேரே அவன் தலையைப் பார்த்தபடி. கூட்டம் கூச்சலிட்டது, ஆளுக்கொரு பக்கம் ஓடியது. நீங்கள் நின்ற இடத்திலிருந்து நகரவில்லை. யாரோ உங்கள் முன்னால் வந்து மறைத்தார். இடது கையால் அவரை ஓரம் தள்ளினீர்கள், முகம் திரும்பவில்லை. "நீங்கள் போய்த் தூக்கக்கூடாதா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். "எனக்கு நீச்சல் தெரியாது" என்றீர்கள், கடலைப் பார்த்தபடியே. உங்கள் மகளாகத்தான் இருக்க வேண்டும், ஒரு சிறுமி உங்கள் உடையைப் பிடித்து இழுத்து அழுதாள். "பொறு கண்ணு" என்ற ஒரு சொல்தான் அவளுக்குக் கிடைத்தது. உங்கள் மூக்குக்கண்ணாடியில் உப்புத் தண்ணீர் தெறித்துத் துளித்துளியாக நின்றது. யாராக இருந்தாலும் கை தானாகப் போய்த் துடைத்திருக்கும். நீங்கள் துடைக்கவில்லை. கழற்றித் துடைத்து மாட்டுகிற நேரத்தில் அவன் எங்கே இருந்தான் என்பது தொலைந்துபோயிருக்கும் என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

கை வலித்திருக்கும். நீட்டிய கையை அப்படியே எவ்வளவு நேரம் வைத்திருக்க முடியும் என்று நேற்று நானே நின்று பார்த்தேன். தோள் எரிகிறது, விரல் தானாகக் கீழே இறங்குகிறது. நீங்கள் இடது உள்ளங்கையை வலது முழங்கைக்கு அடியில் முட்டுக்கொடுத்துக்கொண்டீர்கள். நீரோட்டம் அவனை வலப்பக்கமாகத் தள்ளத் தள்ள, உங்கள் விரலும் இம்மி இம்மியாக வலப்பக்கம் நகர்ந்தது. ஓர் அலை எழும்பும்போது அவன் தலை மறையும். எனக்கு அங்கே வெறும் தண்ணீர்தான் தெரியும், உயிர் போய்த் திரும்பும். அப்போதும் அந்த விரல் அசையாமல் ஒரே இடத்தைக் காட்டும். அலை இறங்கும். அவன் அங்கே இருப்பான்.

நீந்திப் போன உயிர்காப்பாளர் பாதி தூரத்தில் நின்றுவிட்டதைக் கூட்டத்தில் பலர் பார்த்தார்கள். ஏன் நிற்கிறார் என்று சிலர் கத்தினார்கள். அவர் வழி தெரியாமல் நின்றார். தண்ணீரில் நீந்துகிறவரின் கண் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் மேலேதான் இருக்கிறது. எதிரே இடுப்பளவு அலை எழுந்தாலும் அவருக்கு அது சுவர்தான். கரையில் நிற்கிற நமக்குத் தெரிகிற தலை, பக்கத்தில் போனவருக்குத் தெரியாது. அவர் ஓர் அலையின் உச்சிக்கு வந்ததும் கரையைத் திரும்பிப் பார்த்தார். உங்கள் கையைப் பார்த்தார். சட்டென்று வலப்பக்கம் திரும்பி நீந்தினார்.

"அந்த அம்மா இல்லையென்றால் நான் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருந்திருப்பேன்" என்று அவரே எங்களிடம் சொன்னார். கடலுக்குள் இழுத்துச் செல்லும் நீரோட்டத்தைப் பற்றியும் அவர்தான் சொல்லித்தந்தார். அலைகள் கரைக்குக் கொண்டுவந்து கொட்டுகிற தண்ணீர் திரும்பிப் போக வழி தேடுகிறது. ஒரு குறுகிய பாதையில் ஒன்றுசேர்ந்து வேகமாகத் திரும்புகிறது. அந்தப் பாதையில் அலை அவ்வளவாக உடையாது, நுரை இருக்காது, பக்கத்து இடங்களைவிட அமைதியாகத் தெரியும். அதன் வேகம் சில வேளைகளில் வினாடிக்கு 2 மீட்டரையும் தாண்டும். எப்பேர்ப்பட்ட நீச்சல் வீரராலும் அதை எதிர்த்துக் கரைக்கு வர முடியாது. அது ஆளை அடிக்கு இழுப்பதில்லை, கரையிலிருந்து தள்ளிக்கொண்டு போகிறது. அதனால் அதோடு மல்லுக்கட்டாமல் மிதக்க வேண்டும், கைகால்கள் ஒத்துழைத்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அதிலிருந்து விலக வேண்டும். இத்தனையையும் அவர் மணலில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். எங்கள் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். வழக்கமாக ஓரிடத்தில் நிற்காத கடைக்குட்டியும் அசையாமல் கேட்டது.

இன்னொன்றும் சொன்னார். கப்பலிலிருந்து ஆள் கடலில் விழுந்துவிட்டால், அங்கே ஒருவருக்கு ஒரே ஒரு வேலை கொடுப்பார்களாம்: விழுந்தவர்மேல் வைத்த கண்ணை எடுக்காமல், கையை நீட்டிக் காட்டிக்கொண்டே நிற்பது. கயிறு வீசுவதும் கப்பலைத் திருப்புவதும் மற்றவர்கள் பாடு. இதை உங்களுக்கு யாராவது சொல்லித்தந்தார்களா அக்கா? அல்லது அந்தக் கணத்தில் மனசே சொன்னதா?

பையனை அவர் பிடித்த பிறகும் உங்கள் கை இறங்கவில்லை. கூட்டம் கைதட்டியது, அப்போதும் இறங்கவில்லை. முழங்கால் அளவுத் தண்ணீருக்கு அவனைக் கொண்டுவந்து, அவன் இருமிய சத்தம் நம் காதில் விழுந்த பிறகுதான் இறக்கினீர்கள். நான் அவனிடம் ஓடிவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது உங்களைக் காணவில்லை.

எங்கள் குடும்பம் பெரியது. தாத்தா முதல் கைக்குழந்தை வரை வண்டிகளை நிறைத்துக்கொண்டு கிளம்பிய பயணம் அது. யார் ஜன்னலோரம் உட்காருவது என்பதில் ஆரம்பித்து, வழியில் நிறுத்தி நிறுத்தி, பாட்டும் கூத்துமாக, எல்லாரும் ஒன்றாகக் கடலைப் பார்க்க வேண்டும் என்று போனோம். அந்தச் சந்தோஷத்துக்கு நடுவில், எங்களோடு எந்த உறவும் இல்லாத நீங்கள், எங்கள் பிள்ளையை உங்கள் கண்ணில் வைத்திருந்தீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அவர்களில் கிட்டத்தட்டக் கால்வாசிப் பேர் 5 வயதுகூட நிரம்பாத குழந்தைகள். நேற்று அதைப் படித்தபோது பக்கத்தில் அவன் படுத்திருந்தான். அந்த வீடுகளிலும் ஜன்னலோரத்துக்குச் சண்டை போட்ட பிள்ளைகள் இருந்திருப்பார்கள். அங்கெல்லாம் இப்படி ஒரு நன்றி மடல் எழுத யாருக்கும் கொடுத்துவைக்கவில்லை. எங்களுக்குக் கொடுத்துவைத்தது. அதை நினைத்தால் பேச்சு வரவில்லை.

இனிமேல் கடல் பக்கமே போக வேண்டாம் என்று எங்கள் வீட்டில் சிலர் சொன்னார்கள். பாட்டி ஒப்புக்கொள்ளவில்லை. "பயந்த பிள்ளைகளாக வளர்க்காதே, தெரிந்த பிள்ளைகளாக வளர்" என்றார். எனவே எல்லாரும் கூடி உட்கார்ந்து சில முடிவுகள் எடுத்திருக்கிறோம். உயிர்காப்பாளர் இருக்கும் கடற்கரையில், சிவப்பும் மஞ்சளுமான கொடிகள் நட்டிருந்தால் அவற்றுக்கு நடுவில்தான் இறங்குவோம். பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும் நேரம் முழுக்க, பெரியவர்களில் ஒருவர் வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளாமல் அவர்களையே பார்த்துக்கொண்டு நிற்பார். கைபேசி கிடையாது, பேச்சு கிடையாது. கண் சோர்வதற்குள் அடுத்தவர் வந்து, "இனி நான் பார்க்கிறேன்" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகே முதலாமவர் நகர வேண்டும். பிள்ளைகளோடு சேர்ந்து நானும் அண்ணியும் நீச்சல் கற்கப் போகிறோம். நாற்பதைத் தாண்டினால் என்ன, கற்றுக்கொள்ளலாம் என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார். ஐநா பொதுச்சபை 2021இல் ஜூலை 25ஆம் தேதியை நீரில் மூழ்குவதைத் தடுக்கும் நாளாக அறிவித்திருக்கிறதாம். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் உறவுகளையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிட்டு, அந்த உயிர்காப்பாளர் மணலில் போட்ட கோடுகளை நாங்கள் தரையில் போட்டுக் காட்டுவோம். உங்களைப் பற்றியும் சொல்வோம்.

பிள்ளைகள் அதற்குள் தொடங்கிவிட்டார்கள். மொட்டை மாடியில் ஒருவன் அங்குமிங்கும் நடக்க, மற்றவர்கள் நின்ற இடத்திலேயே கையை நீட்டி அவனைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணை எடுத்தவர் அவுட். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'அக்கா விளையாட்டு'.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பையனைப் போர்த்தி அனுப்பிய பச்சைத் துண்டு எங்களுடையது இல்லை. சுடுமணலில் வெறுங்காலோடு நின்ற பாட்டிக்கு யாரோ மாட்டிவிட்ட செருப்பும் எங்களிடமே வந்துவிட்டது. இரண்டையும் பத்திரமாக வைத்திருக்கிறோம். உரியவர்கள் சொல்லியனுப்புங்கள், நேரில் கொண்டுவந்து தருகிறோம். அக்கா, அந்தத் துண்டு உங்களுடையது என்றால் அண்ணியும் பையனுமே எடுத்துக்கொண்டு வருவார்கள். உங்களுடையது இல்லையென்றாலும் நீங்கள் இருக்கும் இடத்தை எங்களுக்குத் தெரியப்படுத்துங்கள். உங்கள் மகளையும் பார்க்க வேண்டும் என்று அவன் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

நன்றியுடன்,
பையனின் அத்தை, குடும்பத்தார் அனைவருக்காகவும்