ஸ்மார்ட் போர்டுல ரெண்டு பிள்ளைங்களை சேர்ந்து எழுத விட்டு பாருங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

ஸ்கூல்ல ஸ்மார்ட் போர்டு வேலை செய்யல, துணி போட்டு மூடி வச்சிருக்காங்கன்னு அடிக்கடி கேள்விப்படறோம். இந்த போர்டுங்களை மாட்டி சர்வீஸ் பண்றவன்ங்கற முறையில சொல்றேன், டச் எடுக்கலன்னு கூப்பிட்டு நான் போய் பாக்கற பல இடத்துல போர்டு நல்லாத்தான் இருக்கு, அது எப்படி வேலை செய்யுதுன்னுதான் டீச்சருங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல.

செல்போன்ல மாதிரி கண்ணாடியிலயே டச் இருக்குன்னு எல்லாரும் நினைக்கறாங்க. ஸ்மார்ட் போர்டு மாதிரி பெரிய பேனல்ல பெரும்பாலும் சுத்தி இருக்கற ஃப்ரேம்லதான் எல்லாமே இருக்கு. ரெண்டு பக்கம் வரிசையா குட்டி குட்டி எல்இடி, எதிர்ப்பக்கம் சென்சார். கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் ஒளி கண்ணாடிய ஒட்டினாப்ல குறுக்கும் நெடுக்குமா போய்க்கிட்டே இருக்கும், விரல் வச்சா அந்த இடத்துல ஒளி மறையும், எது எது மறைஞ்சுதுன்னு பாத்து விரல் இருக்கற இடத்த கண்டுபிடிச்சிடும். இது ஒண்ணும் நேத்து வந்தது இல்ல, அமெரிக்காவுல இல்லினாய் யுனிவர்சிட்டியோட ப்ளேட்டோ 4ங்கற கம்ப்யூட்டர் டெர்மினல்ல 1972லயே 16க்கு 16 கட்டமா இன்ஃப்ராரெட் டச் இருந்துச்சு, அதுவும் பாடம் நடத்தறதுக்குத்தான்.

ஒரு விரல்னா சுலபம். ரெண்டு விரல் வச்சா குறுக்க ரெண்டு, நெடுக்க ரெண்டு மறையும், அது ஒண்ணையொண்ணு வெட்டிக்கற இடம் நாலு, அதுல ரெண்டுதான் நெஜம், மத்த ரெண்டும் பொய்ப்புள்ளி. மூணு விரல்னா ஒம்பது இடம், ஆறு பொய். அதனால இப்ப வர்ற ஃப்ரேம்ல ஒரு எல்இடி எரியறப்ப நேர் எதிர்ல இருக்கற சென்சார் மட்டும் இல்லாம சாய்வா தள்ளி இருக்கறதும் சேர்ந்து பாக்குது, நெஜமாவே விரல் இருந்தா சாய்ஞ்சு போற ஒளியும் அங்க மறைஞ்சிருக்கணும், மறையலன்னா பொய்ப்புள்ளின்னு தள்ளிடும். மைக்ரோசாஃப்ட் 2007ல காட்டின சர்ஃபேஸ்ங்கற டச் மேசையில இந்தத் தொல்லையே கிடையாது, அடியில 5 கேமரா வச்சு விரலை நேராவே பாத்துச்சு. ஆனா கேமராவுக்கு அத்தனை ஆழம் வேணும், செவுத்துல மாட்ட முடியாது.

புள்ளி கிடைச்சா மட்டும் போதாதுங்க, எது யாரோட விரல்னு தெரியணும், இதுதான் ரொம்ப நுணுக்கமான வேலை. ஒளி ஒரு தடவை எல்லா இடத்தையும் சுத்திப் பாக்கறது ஒரு ஸ்கேன், ஒவ்வொரு ஸ்கேன்லயும் கிடைக்கறது வெறும் புள்ளிதான். ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர் குடுத்து, அடுத்த ஸ்கேன்ல வர்றது பழைய எந்தப் புள்ளிக்கு கிட்ட இருக்கோ அந்த நம்பரையே திரும்ப குடுக்கும், விரல் எந்தப் பக்கம் எவ்ளோ வேகமா போய்ட்டிருந்துச்சுங்கறதையும் கணக்குல எடுத்துக்கும். ரெண்டு பிள்ளைங்க கை குறுக்க போறப்ப நம்பர் மாறிடுச்சுன்னா ஒருத்தன் இழுத்த கோடு இன்னொருத்தன் கோட்டோட போய் ஒட்டிக்கும்.

இப்ப தினசரி விஷயத்துக்கு வர்றேன். ஸ்மார்ட் போர்டுக்கு பக்கத்துலயே சாக்பீஸ் போர்டு இருக்கும், அந்தப் பவுடர் மொத்தமும் பேனலோட கீழ் ஃப்ரேம்ல வெள்ளையா படிஞ்சு சென்சாரை மறைச்சிரும், காஞ்ச மெத்துணியால தொடச்சாலே பாதி கம்ப்ளைண்ட் தீந்துடும். ஜன்னல் வெயில் நேரா அடிச்சாலும் சென்சார் குழம்பும், வெயில்லயும் இன்ஃப்ராரெட் இருக்கு, அந்த நேரம் ஜன்னல் திரைய இழுத்து விடுங்க. சட்டைக் கை, துப்பட்டா, ஓடற பல்லி எது ஒளிய மறைச்சாலும் அதுக்கு விரல்தான்.

வாங்கற அதிகாரிங்களுக்கும் ஒரு வேண்டுகோள். 20 டச், 40 டச்னு, அதாவது ஒரே நேரத்துல அத்தனை விரலை எடுக்கும்னு பேப்பர்ல போட்டிருக்கறத மட்டும் பாத்து கையெழுத்து போடாதீங்க. போர்டு மாட்டின அன்னிக்கே நாலஞ்சு பிள்ளைங்கள கூப்பிட்டு ஒரே நேரத்துல படம் வரைய சொல்லுங்க, ரெண்டு பேரை கை குறுக்க போட்டு வட்டம் போட சொல்லுங்க, கோடு தாவுதா, விட்டுப் போகுதான்னு பாருங்க. அந்த டெஸ்டையும், டீச்சருங்களுக்கு அரை மணி நேரம் ஃப்ரேமை காட்டி விளக்கறதையும் டெண்டர்லயே எழுதி வச்சீங்கன்னா மாட்ட வர்ற எங்கள மாதிரி ஆளுங்க செஞ்சு குடுத்துட்டுத்தான் போக முடியும்.

இப்படிக்கு,
சர்வீஸ் டெக்னீஷியன் ஒருவர்,
ஈரோடு