புரட்டாசியிலும் ஒருமுறை ஏரிக்கு வாருங்கள்

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் ஏரிகளையும் காடுகளையும் பார்த்துக்கொள்ளும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். பழைய வடாற்காட்டின் ஏரிகளில் இப்போது வலசைப் பறவைகள் இறங்கிக்கொண்டிருக்கின்றன. உங்கள் கணக்கெடுப்பில் இவை வருவதில்லை. அதனாலேயே ஏரி வேலைக்குத் திட்டம் போடும்போது இவற்றைப் பற்றிய பேச்சே எழுவதில்லை. இதை மாற்றச் சொல்லிக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

ஈரநிலப் பறவைகளை வனத்துறை மார்கழிக்கும் மாசிக்கும் இடையில் எண்ணுகிறது. 2015 முதல் ஆர்வலர்கள் நடத்திவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் தையில்தான். வாத்துகளை எண்ண அது நல்ல காலம். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் ஊர் மழையின் போக்கை நினைத்துப் பாருங்கள். ஆவணியிலும் புரட்டாசியிலும் மாலையில் இடி இடித்து இரவில் கொட்டும் மழை ஏரியை நிரப்பிவிடாது. கரைக்கு எதிரே சரிவாகக் கிடக்கும் உள்வாயில் கணுக்கால் அளவு தண்ணீரும் சேறுமாகத் தேங்கும். வடக்கிலிருந்து களைத்து வரும் உள்ளான்கள் என்ற சிறு நீர்க்கரைப் பறவைகள் தேடுவது அந்தச் சேற்றைத்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிறைந்ததும் சேறு தண்ணீருக்கடியில் போய்விடும். உள்ளான்களும் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விடும். தையில் கரைமேல் தொலைநோக்கியோடு நிற்பவருக்குத் தெரிவது ஆழத் தண்ணீர். "குறிப்பிடும்படி இல்லை" என்று படிவம் நிரம்பிவிடுகிறது.

வருகிறவை யார் என்று கொஞ்சம் சொல்கிறேன். ஆவணியிலேயே சாம்பல் வாலாட்டி மலையடி ஓடைகளுக்கு வந்துவிடும். பிறகு பொரி உள்ளான், பச்சைக்காலி, கொசு உள்ளான். வாத்துகளில் நீலச்சிறகி முந்திக்கொள்ளும். கொசு உள்ளானின் எடை ஏறக்குறைய முப்பது கிராம்தான். அது முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது ஆர்க்டிக் கரையோரத்தில், மரமே இல்லாத சைபீரிய வெளியில். அங்கிருந்து மத்திய ஆசிய வலசைப் பாதை வழியே இறங்கி வருகிறது. வழிநெடுகச் சேற்றிலுள்ள புழுக்களைத் தின்று உடம்பில் கொழுப்பு சேர்த்தால்தான் அடுத்த கட்டம் பறக்க முடியும். பொரி உள்ளானில் வளர்ந்த பறவைகள் முதலில் கிளம்பிவிடும். அந்த ஆண்டு பிறந்தவை சில வாரம் கழித்து, வழி காட்டப் பெற்றோர் இல்லாமலே புறப்பட்டு வருகின்றன. முதல் பயணத்தில் நம் ஏரியில் வந்து இறங்கும் அந்த இளம் பறவைக்கு அங்கே சேறு இல்லையென்றால் என்ன செய்யும்?

ஏரிக்கு வெளியேயும் இதே வாரங்கள் முக்கியமானவை. ஆறுமணிக்குருவி இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் கூடு கட்டிவிட்டு, இரவில் பறந்து தெற்கே போகிறது. போகிற வழியில் விடியற்காலையில் மாந்தோப்பிலோ வீட்டுக் கொல்லையிலோ இறங்கும். சில கண்ணாடியில் மோதி விழும். கொடிக்கால் வாலாட்டியும் மர நிழலில் சத்தமில்லாமல் வந்துபோகும். எங்கள் பகுதியில் எப்போதாவது தென்படும் அரிய பறவைகளும் பெரும்பாலும் இந்தப் போக்குவரத்துக் காலத்தில்தான் கண்ணில் படுகின்றன. தை மாதத்தில் வந்து தேடினால் இவற்றில் பல அகப்படாது.

இப்போது ஏரி வேலைக்கு வருகிறேன். ஏரியைச் சீரமைப்பது என்றால் சுற்றிலும் ஒரே ஆழமாக வெட்டி, செங்குத்தாகக் கல் பதித்து, மேலே நடைபாதையும் உயர்கோபுர விளக்கும் போடுவது என்றே பல இடங்களில் ஆகிவிட்டது. எனக்கு மனம் பொறுக்கவில்லை. தண்ணீர்ப் பஞ்சம் கண்ட மண் இது. ஆழப்படுத்த வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். விவசாயிகள் வண்டல் எடுப்பதும் நல்லதே. கரையை ஒட்டி, மதகுப் பக்கம் ஆழப்படுத்துங்கள். உள்வாய்ப் பக்கத்தின் இயல்பான சரிவை அப்படியே விடுங்கள். பழைய ஏரிகளின் அமைப்பே அதுதான். காவேரிப்பாக்கமும் மகேந்திரவாடியும் பல்லவர் காலத்து ஏரிகள். ஒரு பக்கம் உயர்ந்த கரை, எதிர்ப்பக்கம் வயலோடு கலந்துபோகும் மெல்லிய சரிவு. அந்தச் சரிவில்தான் தண்ணீர் ஏற ஏற, வற்ற வற்ற, சேற்று விளிம்பு இடம் மாறிக்கொண்டே இருக்கும்; பறவையும் கூடவே நகரும். விளக்குகளையும் கரைப் பக்கத்தோடு நிறுத்துங்கள். இரவில் பறக்கும் பறவைகளுக்கு வெளிச்சம் வழியைக் குழப்பும்.

உலக அளவில் முக்கியமான ஈரநிலங்கள் என்று அறிவிக்கப்பட்ட தமிழ்நாட்டின் ராம்சர் தலங்கள் இருபதில் ஒன்றுகூட எங்கள் மூன்று மாவட்டங்களில் இல்லை. சரியான நேரத்தில் எடுத்த கணக்கு இல்லாமல் அந்தப் பேச்சைத் தொடங்கவே முடியாது. கணக்கு வரும்வரை என்ன செய்வது என்று கேட்கலாம். அதற்கு வேலூரின் பெயராலேயே ஒரு பதில் இருக்கிறது. பாலாற்றில் கலந்த தோல் கழிவு பற்றி வேலூர் மக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில், 1996-இல் உச்ச நீதிமன்றம் முன்னெச்சரிக்கைக் கொள்கையை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று ஏற்றது. மீட்க முடியாத கேடு வரக்கூடும் என்றால், அறிவியல் உறுதி இன்னும் கிடைக்கவில்லை என்பதைக் காரணம் காட்டித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்பது அதன் சாரம். பறவைக் கணக்கு இல்லாத ஏரிக்கும் இது பொருந்தும் என்றே நம்புகிறேன்.

2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தாலும் பாலாறு மூன்றிலும்தான் ஓடுகிறது. ஆகவே மூன்று மாவட்டங்களும் சேர்ந்து ஒரே நாளில், புரட்டாசியில் ஒருமுறையும் ஐப்பசியில் ஒருமுறையும் எண்ண ஏற்பாடு செய்யுங்கள். இந்த ஆண்டே காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி, சதுப்பேரி ஆகிய மூன்று ஏரிகளில் தொடங்கலாம். ஏரி வேலைக்கான மதிப்பீட்டில் கையெழுத்திடும் முன் பொறியாளர் அந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும் என்றும் ஓர் உத்தரவு போடுங்கள். ஆட்களுக்குக் குறைவில்லை. உள்ளூர் ஆர்வலர்களும் ஆசிரியர்களும் விடியற்காலை ஐந்தரைக்கெல்லாம் உள்வாய்க்கு வந்துவிடுவோம். ஒவ்வோர் ஏரிக்கும் ஒரு வனக்காப்பாளரை அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
வேலூர்ப் பறவை ஆர்வலர் ஒருவர்